நூறாவது பெட்டி

1

சென்ற வசந்த காலத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, அலுவலகத்தில் என் மேசைமேல் ஒரு பளபளப்பான விளம்பரப் புத்தகம் கிடந்தது. கொள்முதல் பிரிவிலிருந்து யாரோ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மேலே ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டில், 'இந்தியாவிலிருந்து வந்திருக்கிறது, உங்களுக்கு ஆர்வமாக இருக்கும்' என்று ஜெர்மனில் எழுதியிருந்தது.

நான் இருப்பது ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். இங்கே இந்தியா என்று எது வந்தாலும் அது என் மேசைக்கு வந்துவிடும். மாம்பழக்கூழ் டப்பா, யோகா வகுப்பு நோட்டீஸ், எங்கோ அசாமில் யானை மதம்பிடித்து ஓடிய செய்தி எல்லாம். அந்த அலட்சியத்தோடுதான் புத்தகத்தைத் திறந்தேன்.

சென்னைப் புறநகரிலிருந்து ஒரு மென்பொருள் நிறுவனம். அச்சகங்களுக்கான வடிவமைப்பு மென்பொருள். வாடிக்கையாளரே திரையில் வேண்டியபடி அமைத்துக்கொள்ளலாம், சேமித்து வைக்கலாம், பிறகு எடுத்து மாற்றலாம். இரண்டாவது பக்கத்தில் எடுத்துக்காட்டாக ஒரு கல்யாணப் பத்திரிகையின் படம். மணமகள் செல்வி ஞானசுந்தரி. மணமகன் செல்வன் வீரபத்திரன். இடம், தென்றல் திருமண மண்டபம், ராஜகீழ்ப்பாக்கம்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் அப்படி ஒரு மண்டபம் கிடையாது. அந்த மணமக்களும் கிடையாது. மூன்றையும் உண்டாக்கியவள் நான். மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் உட்கார்ந்து, எண்பத்தொன்பதாம் வருஷம், சோதித்துப் பார்ப்பதற்காக நான் தட்டிய பெயர்கள் அவை.

கடைசிப் பக்கத்தில் நிர்வாக இயக்குநரின் புகைப்படம் இருந்தது. முடி நரைத்திருந்தது. சிரிப்பு மாறவில்லை. 'இந்த மென்பொருளின் சிற்பி' என்று கீழே போட்டிருந்தது.

அன்று மதியம் சாப்பாட்டு அறையில் எல்லோரும் வழக்கம்போல 'மால்ட்ஸைட்' என்று வாழ்த்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் ரொட்டியை மென்றுகொண்டே இருந்தேன். விழுங்கினேனா என்று நினைவில்லை.

2

ரகுராமன் சார் அப்போது மருந்துக்கடை மாடியில் இரண்டு கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு தொழில் நடத்தினார். நான் பி.எஸ்ஸி. கணக்கு முடித்து, ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸும் முடித்து அங்கே சேர்ந்தேன். வீடு ராஜகீழ்ப்பாக்கத்தில். அப்பா தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தார். என்னைத் தவிர அந்த மாடியில் இருந்தவர் ஜெபராஜ் அண்ணா. ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் வருவார். பத்திரிகைகளுக்குக் கொடி, மாவிலைத் தோரணம், பிள்ளையார், சிலுவை எல்லாம் வரைவது அவர் வேலை.

அச்சகத்துக்கு வரும் வாடிக்கையாளரைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, பெயர் எங்கே, படம் எங்கே என்று அவர்களையே சொல்லவைத்துப் பத்திரிகையை அமைப்பதுதான் ரகுராமன் சாரின் திட்டம். நல்ல திட்டம், அதை மறுக்கவில்லை. ஆனால் அவர் வெளியே எழுதி வாங்கி வைத்திருந்த புரோகிராம், திரையில் தெரிவதை அப்படியே ஒரு படமாகச் சேமித்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து, "முகூர்த்தம் ஆறு மணி இல்லீங்க, ஆறரை" என்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். நாலு பத்திரிகை சேமித்தால் ஃப்ளாப்பி நிரம்பிவிடும்.

நான் படத்தைச் சேமிப்பதை விட்டேன். அந்தப் படம் எப்படி அமைந்திருக்கிறது என்பதைச் சேமித்தேன். பிள்ளையார் ஒரு பெட்டி. மணமகள் பெயர் ஒரு பெட்டி. தாய்மாமன்கள் பெயர் ஒரு பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்கும் டேட்டாபேஸில் ஒரு வரி. இது எந்தப் பத்திரிகையின் பெட்டி, அதன் எண் என்ன, இடது ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி, மேலிருந்து எவ்வளவு கீழே, அகலம், உயரம், எந்த எழுத்து, உள்ளே என்ன. அளவுகளை அங்குலத்தில் வைக்கவில்லை. தாளின் அகலத்தில் இத்தனை பங்கு என்று வைத்தேன். அதனால் கார்டைப் பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் அமைப்பு குலையவில்லை.

கடைசியில் இன்னொன்றும் சேர்த்தேன். இந்தப் பெட்டி வேறெந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்ற குறிப்பு. வெளிப்பெட்டியை நகர்த்தினால் உள்ளே இருப்பவை கூடவே நகரவேண்டுமே. அந்தக் கட்டத்துக்கு 'தாய்' என்று பெயர் வைத்தேன். கம்ப்யூட்டரில் தமிழில் பெயர் வைக்க முடியாது என்பதால் டி, எச், ஏ, ஐ என்று ஆங்கில எழுத்தில்.

ஜெபராஜ் அண்ணா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா உமா, பொட்டிக்குள்ள பொட்டி வெச்சுகினே போற? கட்சீல இன்னா கீது உள்ள?"

"கடைசில மாப்பிள்ளை பேரு இருக்குண்ணா."

"பாவம் அந்த ஆளு. மூச்சு முட்டிடப்போவுது."

அவருக்கும் அந்த வருஷம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவருடைய பத்திரிகையைத்தான் முதலில் அதில் அமைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தேன்.

3

இங்கே வந்த புதிதில் என்னைப் பேர்சொல்லிக் கூப்பிட ஆளில்லை. அயல்நாட்டவர் அலுவலகத்தில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த அம்மாள் குடும்பப்பெயர் கேட்டாள். குடும்பப்பெயர் என்று எங்களுக்கு எதுவும் இல்லை, அப்பாவின் பெயரில் முதல் எழுத்து மட்டும்தான் என்றேன். ஓர் எழுத்தெல்லாம் பெயராகாது என்றாள். மறுபடி வரச்சொன்னாள். மறுபடி போனபோது வேறொருவர் இருந்தார், அவர் வேறொரு தாள் கேட்டார். கடைசியில் கணவரின் பெயரை எனக்குக் குடும்பப்பெயராகக் கட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து நான் ஃப்ராவ் தனசேகர், அதாவது திருமதி தனசேகர். உமா என்று கூப்பிட என் கணவரை விட்டால் தொலைபேசியில் அப்பாவும் அம்மாவும்தான்.

மொழி இன்னொரு வதை. ஜெர்மனில் பெட்டிக்கு 'காஸ்டன்'. சாதிக்கு 'காஸ்டெ'. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று விளக்கினேன். பெட்டி என்று நினைத்துக்கொண்டு நான் சொன்னது இது: "ஒவ்வொரு சாதிக்கும் அதன் இடம் குறிக்கப்பட்டிருக்கிறது. பெரிய சாதி நகர்ந்தால் அதற்குள்ளே இருக்கும் சின்னச் சாதிகளும் கூடவே நகரும்."

யாரும் சிரிக்கவில்லை. இந்தியாவிலிருந்து வந்தவள் தன் ஊரைப் பற்றி ஏதோ வேதனையோடு சொல்கிறாள் என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இப்போது இதைச் சொன்னால் என் மகள் தரையில் புரண்டு சிரிப்பாள். அவளுக்கு ஏழு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். தாத்தா பேசுகிறார் என்று ரிசீவரைக் கையில் கொடுத்தால், "தாத்தா, நல்லா இருக்கேன்" என்று ஒப்பித்துவிட்டு ஓடிவிடுவாள். அவர் அந்தப்பக்கம் என்ன கேட்டார் என்பதே அவளுக்குத் தெரியாது.

4

தொண்ணூறாம் வருஷம் பெரிய அச்சக முதலாளி ஒருவர் மருந்துக்கடை மாடிக்கு வந்தார். ஊர் ஊராகக் கிளை வைத்திருப்பவர். ரகுராமன் சார் எனக்குப் புடவை கட்டிக்கொண்டு வரச்சொல்லியிருந்தார். வந்தவர்களுக்குக் காபி கொடுக்கச் சொன்னார். பிறகு திரைக்கு முன்னால் உட்கார்ந்து, "ஒன் இயரா நானே உட்கார்ந்து டெவலப் பண்ணது சார்" என்றார். முதல் திரையில் என் பெயரும் ஜெபராஜ் அண்ணா பெயரும் இருக்கும். அன்றைக்கு இரண்டும் இல்லை.

அந்த முதலாளி விவரமானவர். "இந்தக் கார்டையே பாதி சைஸ்ல வேணும்னா எப்படிப்பா வரும்?" என்று கேட்டார்.

ரகுராமன் சார் விசைகளைத் தடவிக்கொண்டிருந்தார். நான் காபித் தட்டோடு நின்றபடியே, "அளவை மாத்தினா போதும் சார், மத்ததெல்லாம் அதுவே மாறிக்கும்" என்று சொல்லி, எப்படி என்றும் விளக்கினேன். அவர் என்னையே பார்த்தார். "அப்ப இதை எழுதினது இந்தப் பொண்ணுன்னு சொல்லுங்க" என்று சிரித்தார்.

ரகுராமன் சாரும் சிரித்தார். எனக்குப் புத்தகத்தில் பார்த்தவுடன் அடையாளம் தெரிந்தது அந்தச் சிரிப்புதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஹாலில் உட்கார்ந்தார். அம்மா கொடுத்த காபியைக் குடித்தார். என்னை உள்ளே போகச் சொன்னார்கள். சமையலறையில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்டேன்.

"சார், நானும் ஒரு பொண்ணைப் பெத்தவன். அதனாலதான் சொல்றேன். உமாவுக்கும் அந்த ஜெபராஜுக்கும் நடுவுல இருக்கறது சரியா படல. மத்தியானம் நான் வெளியில போய்ட்டா மாடிக்கதவு சாத்தியிருக்குன்னு கீழ மருந்துக்கடையில சொல்றாங்க. விஷயம் பெருசாகறதுக்குள்ள நீங்க பொண்ணை நிறுத்திடறது நல்லது."

அப்பா, "சரி சார், நான் பாத்துக்கறேன்" என்றார்.

நான் ஓடிவந்து, "அப்பா, அது பொய்" என்றேன். அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. "நாளையிலேர்ந்து நீ போகவேணாம்" என்றார். வேறு பேச்சே இல்லை. அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகு இத்தனை வருஷத்திலும் இல்லை.

ரகுராமன் சார் எங்கள் வீட்டோடு நிறுத்தவில்லை. குரோம்பேட்டையிலிருந்து என்னைப் பார்த்துவிட்டுப் போயிருந்த வரன் காரணம் சொல்லாமல் நின்றுபோயிற்று. ஜெபராஜ் அண்ணாவை வேலையிலிருந்து துரத்தினார். நிச்சயம் செய்த பெண் வீட்டுக்கும் பேச்சு போய், அவர் கல்யாணம் தள்ளிப்போயிற்று. ஒருநாள் அம்மாவோடு தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனபோது அவரைப் பார்த்தேன். அம்மா காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, எப்படி இருக்கீங்க?"

"கீறேம்மா. நீ என்னாண்ட நின்னு பேசாத. பார்த்தவன் எவனாவது போய்ச் சொன்னா உனக்குத்தான் பேஜாரு. போ."

அண்ணா என்று கூப்பிட்டுப் பழகிய ஒருவரிடம் இரண்டு நிமிடம் நின்று பேச முடியாமல் செய்துவிட்டான் ஒருவன். இந்த இடத்திலிருந்து அவனுக்கு என்னால் 'சார்' போட முடியாது.

பிறகு தனசேகரை மணந்துகொண்டேன். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் என்ஜினியர். அவரை ஜெர்மனிக்கு அனுப்பப்போகிறார்கள் என்பதே அப்பாவுக்குப் போதுமானதாக இருந்தது. முதல்முறை தனியாகப் பேசியபோது அவர் சொன்னார்: "நானும் கேள்விப்பட்டேன். பழசைப்பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல." நல்ல மனிதர்தான். ஆனால் நான் செய்யாத ஒன்றை அவர் பெருந்தன்மையோடு மன்னித்த அந்த நிமிடத்தை நான் ரகுராமனின் கணக்கில்தான் எழுதினேன்.

இங்கே டிராமுக்குக் காத்து நிற்கும் குளிர்காலக் காலைகளில் அவனை எத்தனையோ விதமாகத் தண்டித்திருக்கிறேன். முடிச்சூர் ரோட்டில் மழைத் தண்ணீரில் அவன் ஸ்கூட்டரோடு விழுவான். கடை நொடித்துப்போய் என் அப்பாவிடம் வந்து கைகட்டி நிற்பான். டிராம் வந்ததும் ஏறிவிடுவேன். தண்டனை மறுநாளும் தொடரும்.

5

அவன் நேரில் வந்தது ஜூன் மாதம். எங்கள் நிறுவனம் கடைகளுக்கு விளம்பரத்தாள் அமைக்கும் மென்பொருளை விற்கிறது. அதற்கு அடிப்படையாக வெளியிலிருந்து ஒன்றை வாங்கத் தேடிக்கொண்டிருந்தார்கள். பரிசோதித்துச் சொல்லும் பொறுப்பு என்னுடையது. அவன் அனுப்பிய மாதிரியை முன்கூட்டியே திறந்து பார்த்துவிட்டேன். மேலே புதிதாக விண்டோஸ் சட்டை மாட்டியிருந்தான். உள்ளே என் டேட்டாபேஸ் அப்படியே இருந்தது, ஒரு கட்டம்கூட மாறாமல்.

பெரிய அறையில் என் மேலதிகாரி கெல்லரும் நானும் கொள்முதல்காரர்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். ரகுராமன் கோட்டு போட்டிருந்தான். என் முடி வெட்டப்பட்டிருந்தது, மூக்குக்கண்ணாடி வேறு. சட்டையில் குத்தியிருந்த பெயர் தனசேகர். "மேடம் ஃப்ரம் இந்தியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். "ஆமாம்" என்று ஆங்கிலத்திலேயே சொன்னேன். தமிழா என்றான். தொடங்கலாம் என்றேன். அதற்குமேல் பேசவில்லை.

நன்றாகத்தான் காட்டினான். ஞானசுந்தரிக்கும் வீரபத்திரனுக்கும் மறுபடி கல்யாணம் நடந்தது. கெல்லர் தலையாட்டினார். உள்ளே தகவல் எப்படிச் சேமிக்கப்படுகிறது என்று பார்க்கவேண்டும் என்றேன். திறந்தான்.

"இந்தக் கட்டம் எதற்கு? டி, எச், ஏ, ஐ?"

அவன் ஒருகணம் திரையைப் பார்த்தான். "அது தாய்லாந்து மார்க்கெட்டுக்காக வைத்தது" என்றான்.

என் பத்து வருஷத்துக்கு அந்த ஒரு பதில் போதும் என்று யாராவது சொல்லலாம். எனக்குப் போதவில்லை.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் வாராந்திர விளம்பரத்தாளைக் கொடுத்து, இதை அமைத்துக் காட்டுங்கள் என்றேன். இறைச்சி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, பீர் என்று ஒரே தாளில் ஏகப்பட்ட சாமான்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி, அதற்குள் படத்துக்கு, பெயருக்கு, விலைக்குத் தனித்தனிப் பெட்டி. நான் சூழ்ச்சி எதுவும் செய்யவில்லை. நாங்கள் தினமும் செய்யும் வேலையே அதுதான்.

பெட்டியின் எண்ணுக்கு அன்று நான் இரண்டு இலக்கம்தான் ஒதுக்கியிருந்தேன். கல்யாணப் பத்திரிகைக்கு நூறு பெட்டி வராது. வேறு எதற்காவது விற்பதானால் அதை அகலப்படுத்தவேண்டும் என்று அவனிடம் அப்போதே சொல்லியும் இருந்தேன். காதில் வாங்கவில்லை. பிறகு கேட்டுத் தெரிந்துகொள்ளவும் முடியாமல் செய்துகொண்டான்.

அவன் பெட்டிகளை வைத்துக்கொண்டே போனான். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். நூறாவதாக, கீழ் மூலையில் பீர் பெட்டியை வைத்தான். நூறு என்ற எண்ணில் கடைசி இலக்கத்துக்கு இடமில்லை. டேட்டாபேஸ் அதைப் பத்து என்று எழுதிக்கொண்டது. பத்தாவதாக இருந்த பாலாடைக்கட்டியின் இடம் அழிந்து பீருக்குப் போயிற்று. பாலாடைக்கட்டியின் படமும் பெயரும் விலையும் தாயைத் தேடிக்கொண்டு வந்து பீருக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்றன. மேலே வெறும் ஓட்டை.

ரகுராமன் பீர் பெட்டியை எடுத்துவிட்டான். திரும்ப வைத்தான். மறுபடி அதே. கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டான். "ஹோட்டலில் நன்றாக வேலை செய்தது" என்றான். கொள்முதல்காரரில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏன் இப்படி ஆகிறது என்று சொல்லமுடியுமா?" என்று கேட்டேன்.

"எங்கள் ஆட்கள் பார்த்துச் சரிசெய்வார்கள்."

"நீங்கள்தானே சிற்பி?" என்று புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தேன்.

6

எல்லோரும் போனபிறகு, வாசல்வரை அவனோடு நடந்தேன். கதவருகே நின்று தமிழில் சொன்னேன்: "அந்தக் கட்டம் தாய்லாந்து இல்ல, தாய். அம்மா."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அடையாளம் மெல்ல மெல்லப் பிடிபட்டது. "உமாவா?"

"ராஜகீழ்ப்பாக்கம் உமாதான்."

"சொல்லவே இல்லையேம்மா." உடனே சிரிக்க முயன்றான். "எவ்ளோ பெரிய ஆளாய்ட்ட. நம்ம பொண்ணு இங்க இருக்குன்னா எனக்குப் பெருமைதானே. ஒரு மாசம் டைம் வாங்கிக் குடு. ஃபுல்லா சரிபண்ணிடறேன். இந்த ஆர்டரை நம்பி நிறைய செலவு பண்ணிட்டேன்."

"எங்கப்பாகிட்ட என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

அவன் வெளியே பார்த்தான். "அதெல்லாம் இன்னும் மனசுல வெச்சிருக்கியா?"

"வெச்சிருக்கேன்."

"அப்ப ஏதோ கோபத்துல… பிசினஸ் டென்ஷன்."

"ஊருக்குப் போனதும் எங்க வீட்டுக்குப் போங்க. அதே ஹால்ல உட்காருங்க. அன்னைக்குச் சொன்னது பொய்னு எங்கப்பாகிட்ட உங்க வாயால சொல்லுங்க. ஊரப்பாக்கத்துல ஜெபராஜ் அண்ணா ஸ்கிரீன் பிரிண்டிங் கடை வெச்சிருக்கார். அங்கயும் போய்ச் சொல்லுங்க."

"சொன்னா?"

"முதல்ல சொல்லுங்க."

அவன் தலையை ஆட்டினான். நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. என் அறிக்கை அன்று மாலையே கெல்லரிடம் போய்விட்டது. அதன் கடைசி வரிகளை எனக்கு மனப்பாடமாகத் தெரியும்: 'இந்த டேட்டாபேஸை வடிவமைத்தவர் அந்த நிறுவனத்தில் இல்லை. இருப்பவர்களுக்கு அது புரியவில்லை. வாங்கவேண்டாம் என்று பரிந்துரைக்கிறேன்.'

அவன் நம்பிக்கையோடு விமானம் ஏறியிருப்பான். அதை நினைக்க நினைக்க எனக்கு இனித்தது. அன்றைக்கு மகளை ஐஸ்கிரீம் கடைக்கு அழைத்துப்போனேன். என்ன விசேஷம் என்று ஜெர்மனில் கேட்டாள். இன்னொன்று வாங்கிக் கொடுத்தேன்.

7

ஜூலையில் ஒரு ஞாயிறு காலை அப்பா தொலைபேசியில் அழைத்தார். வழக்கமாக நான்தான் அழைப்பேன்.

"அந்த ரகுராமன் வந்திருந்தார்மா."

"என்ன சொன்னார்?"

"அன்னைக்குச் சொன்னது உண்மை இல்லன்னு சொன்னார். ரொம்ப நேரம் தலையைக் குனிஞ்சுண்டு உட்கார்ந்திருந்தார். ஜெபராஜையும் பார்த்துட்டுதான் வந்தாராம்."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இதற்காகத்தான் இத்தனை வருஷம். "நீங்க என்னப்பா சொன்னீங்க?"

"தெரியும்னு சொன்னேன்."

"என்ன தெரியும்?"

"அது பொய்னு. மறுநாளே அந்த ஜெபராஜ் நம்ம போஸ்ட் ஆபீஸுக்கு வந்தான்மா. அவனுக்கு நிச்சயம் பண்ணின பொண்ணையும் கூட்டிண்டு வந்தான். 'உமா எனக்குத் தங்கச்சி மாதிரி சார்'னு கவுன்டர்ல நின்னு அழுதான். பார்த்தாலே தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் என்னை ஏன் வேலைக்கு அனுப்பல?"

"அக்கம்பக்கத்துல பேச ஆரம்பிச்சுட்டா. அதுக்கப்புறமும் அனுப்பினா நல்லா இருக்குமா? உன் கல்யாணம் நடக்கணுமே."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேப்பா. நீங்க என்னை நம்பறீங்கன்னு ஒரு வார்த்தை."

"சொல்லியிருந்தா நீ வீட்ல உட்கார்ந்திருப்பியா?"

அவர் அதை வருத்தமாகச் சொல்லவில்லை. தபால் எந்தப் பையில் போகவேண்டும் என்று சொல்கிறவர்போலச் சொன்னார். அம்மாவிடம் கொடுக்கட்டுமா என்றார். பிறகு, பேத்தி சாப்பிட்டாளா என்று கேட்டார். பிறகு, "பொங்கலுக்கு மூணு பேரும் வர்றேள் இல்ல? மாடி ரூமுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருக்கேன்" என்றார்.

விமான டிக்கெட் முந்தின வாரமே எடுத்தாகிவிட்டது. கணவர் அதைக் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து மாட்டியிருந்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

"இல்லப்பா. லீவு கிடைக்கல."

அந்தப்பக்கம் அவர் குரல் இறங்கியது. "பரவாயில்லம்மா. அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். அது இறங்குவதைக் கேட்பதற்காகத்தான் சொன்னேன். தெளிவாகக் கேட்டது.